ஹாலிஃபாக்ஸுக்குப் போன சீவல்கள்

கனடாவின் சாஸ்கட்டூனில், ஓர் ஆய்வகத்தில், டார்லீனின் பாதி ஆயுள் பட்டாணி வேர்முடிச்சுகளோடு போயிற்று. மண்ணைக் கழுவி, வேரில் மிளகளவு தொங்கும் முடிச்சைப் பிளேடால் வகுந்து பார்ப்பாள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால்தான் எடுப்பாள். பச்சையென்றால் முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியா ஓய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு ஆஸ்மியம் என்ற கரைசலில் கறுக்கவிட்டு, பிசினில் இறுக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக வைரக் கத்தியால் மிக மெல்லிசாகச் சீவுவாள். தண்ணீரில் மிதக்கும் சீவல்களை நகர்த்த, குச்சியில் ஒட்டிய ஒற்றை இமைமுடி. அந்த முடி கூட வேலை பார்த்த ஓரெஸ்டுடையது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி அவன் பொறுப்பில் இருந்தது. இருட்டறையில் இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து திரையைப் பார்த்த வருடங்கள் அவை. தொலைவிலுள்ள ஹாலிஃபாக்ஸில் அவனுக்கு வேலை கிடைத்தபோது, திரையிலிருந்து கண்ணெடுக்காமலே, "நீயும் வாயேன்" என்றான்.

"எல்லாம் பிசின்ல கிடக்கு. முடிச்சுட்டுச் சொல்றேன்."

இன்னொரு தடவை கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை.

இங்கிருந்த நுண்ணோக்கி பழுதாகி மூடப்பட்டதும், சீவல்கள் தபாலில் அவனிடமே போயின. பார்த்துவிட்டு அவன் ஃபோன் செய்வான். அதற்காகவே அவள் சீவினாள் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு தொகுதி கெட்டுப்போயிற்று.

"என்ன மகாராணி, சல்லடையா அனுப்பியிருக்கே?" என்று ஃபோனில் கேலி செய்தான்.

"உள்ள காத்து நின்னுடுச்சு. பிசின் ஊறல. மறுபடி பண்றேன்."

புது முடிச்சுகளை எடுத்து, பம்பு வைத்துக் காற்றை நிதானமாக உறிஞ்சியெடுத்து, பிசினை நாள்கணக்கில் ஊறவிட்டாள். ஊறும் நேரமெல்லாம் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சீவல்கள் போய்ச் சேர்ந்து அவன் கூப்பிட்டதும் கேட்டேவிட்டாள்.

"உன் அறையில இன்னொரு நாற்காலி போட இடமிருக்கா, ஓரெஸ்ட்?"

"இதை நீ அப்பவே கேட்டிருக்கலாம். இப்ப நோரீன் இருக்கா. போன கோடையிலதான் கல்யாணம். உன்கிட்டச் சொல்ல வாய் வரல."

"நல்லவளா?"

"நல்லவ."

"சரி." ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "சீவல் எப்படி வந்திருக்கு? திரையில என்ன தெரியுதோ அதைச் சொல்லு."

"ஓட்டையே இல்ல. செல்லு முழுக்க பாக்டீரியா, ஒண்ணொண்ணைச் சுத்தியும் மெல்லிசா ஒரு சவ்வு, எங்கயும் அறுபடாம..."

டார்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் நிறுத்தச் சொல்லவில்லை.