சாமிக்குப் பதிலாக நான் நனைந்த ஆறு

போன சனிக்கிழமை ஹோம்புஷ் கடையில் கோயில் பஞ்சாமிர்தத்துக்கென்று இரண்டு பெட்டி கறுப்பு முந்திரிகைப்பழம் வாங்கி, காரின் டிக்கியில் வைத்துவிட்டு அப்படியே மறந்துபோனேன். (இந்தியத் தமிழ் நண்பர்களே, எங்கள் ஆட்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை. பருப்பைத் தேடாதேயுங்கோ.) இரண்டு நாள் சிட்னி வெயில். திங்கட்கிழமை டிக்கியைத் திறந்தால் குப்பென்று ஒரு வாசம். பாதி இனிப்பு, பாதி புளிப்பு. நான் மூடியில் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன்.

"என்னப்பா, குடிச்ச ஆள் மாதிரி நிண்டு மணக்கிறியள்?" என்றாள் மனைவி. "சாமிக்கு வாங்கினதெல்லோ!"

முருகன் சாட்சியாக, ஒரு சொட்டுக் குடித்தறியாதவன் நான். ஆனால் இந்த மணத்துக்குள் மூன்று வருடம் சீவித்தவன்.

ஜெர்மனியில் மோசல் என்றொரு ஆறு இருக்கிறது. நேராக ஓடத் தெரியாத ஆறு. ஒரு ஊரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய், வளைந்து திரும்பி வந்து அதே ஊரின் முதுகையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குப் போகும், வீடுவீடாக விசாரித்துத் திரியும் எங்கட பழைய ஊர்த்தலைவர் விதானையாரைப்போல. இரண்டு கரையிலும் மலை, மலை முழுக்க முந்திரிகைக் கொடி. ரோமாபுரிக்காரர் வந்து நட்டது என்று அந்த ஊர் ஆட்கள் ஏதோ போன கிழமை நடந்ததுபோலச் சொல்வார்கள். கொடிக்குக் கீழே மண்ணைவிடக் கறுப்புக் கற்தகடுதான் கூட. பகல் வெயிலைக் கல் பிடித்துவைத்துப் பிறகு கொடிக்குக் கொடுக்குமாம். வைன்கடைச் சுவரில் வெள்ளம் வந்த மட்டத்துக்கெல்லாம் கோடு கீறி வருடம் எழுதியிருக்கும். வெள்ளத்தை நினைத்து அங்கே ஒருவரும் அழ மாட்டார்கள். எங்கட வீட்டுக் கோடுதான் உயரம் என்று சண்டை பிடிப்பார்கள்.

அங்கே ஹெர்மன் என்பவரின் தோட்டத்தில் எனக்கும் தவத்துக்கும் வேலை. தவம் என்னோடு அகதியாக வந்தவன், அறைத்தோழன். மலை எவ்வளவு செங்குத்து என்றால், கைதவறி விழுந்த கத்தரிக்கோலை எடுக்க ஆற்றங்கரைக்குத்தான் போகவேண்டும். நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஜெர்மன் பாஷை நாற்பது சொல் தெரியும், அதில் முப்பது கொடி சம்பந்தப்பட்டது. ஹெர்மன் பேசியதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அந்த மனுசனுக்கு அதுதான் பொருந்தும்.

தோட்ட வாசலில், எங்கள் மாடியறை யன்னலுக்கு நேர் கீழே, கல்மாடம் ஒன்று. அதற்குள் ஒரு முழ உயரத்தில் மரத்தாலான சாமி. தலையில் கிரீடம், கையில் முந்திரிகைக் குலை. ஊர்பான் என்று பெயர், கொடிகளைக் காக்கிற புனிதர். கண்ணுக்கெட்டிய தூரத்தில் கோயில் இல்லாத எனக்கு அவரே பிள்ளையார், அவரே வைரவர். தினமும் வேலைக்கு முன் தலையில் குட்டி மூன்று தோப்புக்கரணம் போடுவேன். ஹெர்மன் அதை முழங்காலுக்கான அப்பியாசம் என்று நினைத்தார். ஒரு மாதத்தில் அவரும் சாமிக்கு முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு இருந்து எழும்பத் தொடங்கினார். மலையேற நல்ல சுகம் என்று பக்கத்துத் தோட்டக்காரருக்கும் சொல்லிவிட்டார். நானும் திருத்தவில்லை. எப்படியோ கும்பிட்டால் சரி.

மூன்றாவது வருடம் மே மாதத்தில் பனி கொட்டிக் குருத்தெல்லாம் கருகிப்போனது. பிறகு விடாத மழை. ஊர்பானின் திருநாளுக்கு முதல் நாள் ஹெர்மன் வானத்தைப் பார்த்தார், பிறகு சாமியைப் பார்த்து விரலை நீட்டினார்.

"நாளைக்கும் மழையெண்டால் ஆளை ஆத்துக்கதான் போடுவன்."

"சாமியையோ?"

"வேற ஆரை? மழையை நானோ விட்டனான்?"

அது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கமாம். ஊர்பானின் நாளில் வெயில் என்றால் மாலையும் வைனும், மழை என்றால் வாத்தியத்தோடு கொண்டுபோய் ஆற்றில் ஒரு முக்கு. கன காலம் கைவிட்டிருந்ததை அந்த வருடக் கோபத்தில் ஊர் திரும்ப எடுத்திருந்தது.

எனக்கு நித்திரை வரவில்லை. விடியும் நேரம் எழும்பிப் பார்த்தால் மழை. அரிசிச் சாக்கோடு போய்ச் சாமியைத் தூக்கி வந்தேன். துடைத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருத்தி, தவத்தின் சிவப்பு மஃப்ளரைச் சுற்றி, திருநீறு பூசி, முன்னால் ஒரு கிண்ணம் புட்டும் வைத்தேன்.

தவம் கண்ணைக் கசக்கினான். "டேய், என்னடா இது?"

"காப்பாத்தியிருக்கிறன்."

"விசரா! களவெடுத்திருக்கிறாய்! உன்ர கேஸ் அடுத்த கிழமையெல்லோ?"

அப்போதுதான் எனக்குக் கேஸ் நினைவுக்கு வந்தது. என் அகதிக் கேஸுக்கு நன்னடத்தைக் கடிதம் தருவதாக ஹெர்மன் சொல்லியிருந்தார். கள்ளன் என்று பெயர் விழுந்தால் கடிதமும் இல்லை, ஜெர்மனியும் இல்லை. திருப்பி வைப்போம் என்று யன்னலால் எட்டிப் பார்த்தால், கீழே பித்தளை வாத்தியத்தோடு ஊரே மாடத்துக்கு முன்னால் நிற்கிறது.

மாடம் வெறுமை. வாத்தியம் பாதியில் நின்றது. பொலிசைக் கூப்பிடு என்று ஒரு குரல். நான் இறங்கிப் போனேன். தெரிந்த நாற்பது சொல்லில் நான்குதான் வாயில் வந்தது.

"சாமி. என்ர அறை. குளிர்."

ஹெர்மன் முன்னால், ஊர் பின்னால், படியேறி வந்தார்கள். மஃப்ளரும் மூன்று குறியுமாகப் புட்டுக்கு முன்னால் இருந்த ஊர்பானைக் கண்டு எல்லோரும் வாசலிலேயே நெருக்கியடித்து நின்றார்கள். ஹெர்மன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"இவ்வளவு காலத்தில," என்றார், "நாங்கள் இவருக்குச் சாப்பாடு குடுத்ததேயில்லை."

முதலில் சிரித்தது வாத்தியக்காரர்தான், பிறகு அறையே குலுங்கியது. ஆனாலும் வழக்கம் வழக்கம்தானே, யாரோ ஒருவர் ஆற்றில் விழத்தான் வேண்டும் என்று பேச்சு வந்தது.

"அப்ப என்னைப் போடுங்கோ," என்றேன்.

ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். போட்டுவிட்டார்கள். வாத்தியம் முழங்க, கையில் இருவர் காலில் இருவர். மே மாத மோசல் என்ன குளிர் என்று கேளாதேயுங்கோ. "முருகா!" என்று கத்தினேன். அது மந்திரம் என்று நினைத்துக் கரையிலிருந்த முழு ஊரும் திருப்பிச் சொன்னது.

மழை பிறகும் மூன்று நாள் விடவில்லை. அந்த வருட வைன் சரியான புளி என்று கேள்வி. ஹெர்மன் கடிதம் தந்தார். அதில் இருந்ததை மொழிபெயர்த்தவர் சொல்லித்தான் அறிந்தேன்: "நேர்மையான மனிதர். ஒரே ஒரு முறை திருடினார், அதுவும் எங்கள் புனிதரை, நாங்கள் நனைத்துவிடுவோம் என்று பயந்து." விசாரித்த அதிகாரி இரண்டு தரம் வாசித்தாராம். வதிவிடம் கிடைத்தது. பிறகு கலியாணம் முடித்து இங்கே வந்தேன்.

டிக்கியைக் கழுவிவிட்டுத் தவத்துக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். நேற்று இரண்டு படம் அனுப்பினான். ஹெர்மன் காலமாகிப் பத்து வருடத்துக்கு மேல். அந்தச் செங்குத்தில் ஏற ஆளில்லாமல் தோட்டத்தை முட்பற்றை மூடிவிட்டது. கீழே வெற்று மாடம். இரண்டாவது படத்தில் ஊர்பான். பக்கத்துப் பட்டணத்து அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறார். வெயிலடித்தால் மாலை போட ஆளில்லை. மழைக்கு விரல் நீட்டி ஏசவும் ஆளில்லை.

இனி ஒருகாலும் நனைய மாட்டார். அன்றைக்கு அதைத்தான் நான் கேட்டேன்.