சகலையின் படகுக்கு எத்தனை எச்பி?

சத்தியம் செய்து சொல்கிறேன், இதை ஒருவரும் நம்பப் போவதில்லை.

கடலே இல்லாத ஆரணியில், ஏரியில் மீன் பிடிக்க என் சகலை கப்பல் வாங்கிவிட்டார். சரி, பத்தடிப் படகு. அன்றிலிருந்து என் வீட்டில் அவர் புகழ்தான்.

இன்று மோட்டாருக்காகச் சென்னைக் கடைக்காரரிடம் போன் ஸ்பீக்கரில் பேசினார். பக்கத்தில் நான் வெந்துகொண்டிருந்தேன்.

"ரெண்டு பேர் போற படகுக்கு ரெண்டரை எச்பி போதுங்க," என்றார் கடைக்காரர்.

"இருபத்தஞ்சு போடுங்க! படவேடு மலை வரைக்கும் பறந்துகினே போலாம்," என்றேன் நான்.

"அந்த வெயிட்டுக்குப் படகு பின்பக்கமா முழுகிடும் சார். யாருங்க அது பேசறது?"

"என் சகலைங்க," என்றார் படகுக்காரர்.

"அதானே பாத்தேன்!"

இருவரும் சிரித்த சிரிப்பில் ஆரணித் தறிகள் அத்தனையும் ஒரு நிமிடம் நின்றன.

முக்கால்வாசி புளுகுதான். முதல் சவாரிக்கு என் மனைவி பட்டுப்புடவை எடுத்து வைத்திருப்பது மட்டும் நிஜம்.

உங்கள் சகலை எத்தனை எச்பி?