கண்ணாடிக்குள் தாய்மாமன்

சென்ற வாரம் முழுவதும் கண்ணாடி வரைந்துகொண்டிருந்தேன். கழுத்து வலி இன்னும் போகவில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். திருப்பரங்குன்றத்தில் ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், ஃப்ளெக்ஸ் டிசைன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி – மதுரைக்காரர்கள் வீட்டில் எது நடந்தாலும் எனக்கு வேலை உண்டு. ஓய்வுதான் கிடையாது.

இந்த முறை வந்தவர் சமயநல்லூர் செல்வி. (பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது உங்களுக்கே புரியும்.) மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? அந்தத் தாய்மாமன், செல்வியின் தம்பி பாண்டி, மூன்று மாதம் முன்பு நெஞ்சில் ஆபரேஷன் செய்து பிழைத்து வந்தவர். ஆள் தேற மாட்டார் என்று சொந்தத்தில் பாதிப் பேர் பேசியிருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேர் கண்ணிலும் படும்படி தம்பி படம் பெரிதாக நிற்க வேண்டும். அதுவும் இப்போது போனில் பட்டனெல்லாம் கண்ணாடி மாதிரி வருகிறதே... அந்த மாதிரி.

கண்ணாடியை எப்படி வரைவது? வரையவே முடியாது – அதற்கென்று நிறம் ஏது? மூலை உருண்ட ஒரு கட்டம். மேலே வெள்ளையாகத் தொடங்கி, கீழே போகப்போக ஒன்றுமில்லாமல் கரைகிற பூச்சு. ஓரத்தில் மயிரிழை அளவுக்கு வெள்ளைக் கோடு. அடியில் லேசான நிழல். கடைசியாக இடது மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெளிச்சக் கீற்று. எல்லாமே ஏமாற்று வேலைதான். வெக்டாரில் வரைவதால் இருபது அடிக்குப் பெரிதாக்கினாலும் ஏமாற்று கலையாது.

முதல் டிசைனில் கண்ணாடியே தெரியவில்லை என்றார். இரண்டாவதில் பளபளப்பு போதாது. மூன்றாவதில் வெறுத்துப்போய்க் கீற்றை அகலமாக்கினேன். ஃப்ளெக்ஸ் என்றால் சாமந்திப்பூச் சரம் இல்லாமலா? அதையும் மேலே தொங்கவிட்டேன். செல்விக்கு ஒரே சந்தோஷம். உடனே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

கால் மணி நேரத்தில் அழுதுகொண்டே கூப்பிட்டார். குரூப்பில் முதல் பதில், கும்பிடும் கை. அடுத்தது, ஆழ்ந்த இரங்கல். சென்னையில் இருக்கும் ஒரு சித்தப்பா, எப்போது எடுக்கிறார்கள் என்றே கேட்டுவிட்டார்.

"எந்தம்பிய உசுரோட இருக்கயிலேயே மாலை போட்ட படமாக்கிட்டீங்களேண்ணே."

ஸ்கிரீனைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம், நேர்ப்பார்வை. தலைக்கு மேலே பூ. கண்ணாடியில் டியூப்லைட் பட்டது போலவே அந்தக் கீற்று. எனக்கே கும்பிடத் தோன்றியது. நம் வீடுகளில் ஒற்றை ஆளைப் பெரிதாகக் கண்ணாடிக்குள் எப்போது வைப்போம்? இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்கு இது உறைக்கவில்லை. உள்ளங்கை அகல ஸ்கிரீனில் காதுகுத்து என்ற எழுத்தை யார் படிக்கிறார்கள்?

செல்வியின் பயம் அதைவிடப் பெரிது. பாண்டியும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். பார்த்துவிட்டு மனசு விட்டுப்போய், பிள்ளையை மடியில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

சாயங்காலம் பாண்டியே கூப்பிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்து, நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கண்ணே. புள்ளய நாந்தான் மடியில வச்சுக்கிருவேன், அதுல மாத்தமில்ல. அந்தப் போட்டோவ மட்டும் எடுத்துருங்க." பிறகு காரணத்தையும் சொன்னார். "ஆபரேசனுக்கு முந்தின வாரம் நானா திருமங்கலம் ஸ்டூடியோவுக்குப் போயி எடுத்தது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா வீட்ல மாட்டுறதுக்கு நல்ல படம் ஒண்ணுகூட இல்லையேன்னு... அக்காவுக்குத் தெரியாது. நல்லாருக்குன்னு எம்போன்ல இருந்து எடுத்து ஒங்களுக்கு அனுப்பிருச்சு."

எதற்காக அவர் அந்தப் படத்தை எடுத்தாரோ, அதற்குத் தோதான சட்டத்தை நான் கழுத்து வலிக்க வலிக்க வரைந்து கொடுத்திருக்கிறேன்.

புதுப் படம் அனுப்பினார். அவரே எடுத்த செல்ஃபி. கன்னம் ஒட்டியிருக்கிறது, பாதி நெற்றியைக் காணோம், பல் தெரியச் சிரிக்கிறார். டிசைனுக்கு லாயக்கில்லாத படம். அப்படியே வைத்து அனுப்பினேன். செல்விக்குப் பிடித்திருந்தது. ஆனாலும், மேலே லேசாகக் கண்ணாடி போடலாமா என்று கேட்டார்.

வேண்டாம்மா என்றேன். மனுஷன் மூச்சு விடட்டும்.