ரேகைக்கு விரதம்

விசா புதுப்பிக்கப் போன இடத்தில், ரேகை எடுக்கிற பெண் விரலை வைக்கச் சொன்னாள். வைப்பதற்கு முன் பெருவிரலைத் தலைமுடியில் நன்றாகத் தேய்த்தேன். அவள் பதறிப்போய், "தலை வலிக்கிறதா?" என்று கேட்டாள். எண்ணெய்ப் பிசுக்கு பட்டால்தான் ரேகை விழும் என்று அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது? ஆமாம் என்றேன். பாவம், தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மெதுவாகச் செய்யலாம் என்றாள். இங்கிலாந்துக்கு வந்து சில வருஷங்கள் ஆகியும் ரேகை மெஷினைக் கண்டால் என் கை தானாகத் தலைக்குப் போகிறது.

இது எங்கள் ரேஷன் கடையில் பழகியது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு முந்திரி உடைக்கிற வேலை. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டினால் தோட்டிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். பட்ட இடம் வெந்துபோகும். அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் நாளாக ஆக விரல்நுனி கறுத்து, வழுவழுவென்று ஆகிவிடும். என் அக்கா மலர்க்கொடி, அப்பா இறந்ததிலிருந்து உடைக்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் புருஷன் வேண்டாமென்று திரும்பி வந்தவள், வந்த மறுநாளே கல் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் விரட்டுவாள். "அங்கிட்டுப் போயிப் படி தம்பி. ஒனக்கு எதுக்கு இந்தக் கருமம்?" அந்தக் கை போட்ட சோற்றில்தான் நான் நர்சிங் படித்தேன்.

அம்மாவும் போனபிறகு எங்கள் ரேஷன் அட்டையில் இரண்டே பெயர்கள், அக்காவும் நானும். கடைக்கு மெஷின் வந்த நாளிலிருந்து அக்காவின் ரேகை அதில் விழுந்ததே இல்லை. "தலையில தேச்சுட்டு வைங்கக்கா" என்பார் கடைக்காரர். தேய்த்து வைப்பாள். இன்னொரு விரல் என்பார். அதையும் வைப்பாள். கடைசியில் வரிசையில் நிற்கிற என்னைக் கூப்பிடுவாள். நான் வைத்ததும் சீட்டு வந்துவிடும். நான் விமானம் ஏறிய பிறகு அந்த அட்டைக்கு ரேகை விழுகிற விரல் இல்லாமல் போயிற்று. தெரிந்த கடைக்காரர் என்பதால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி போட்டார். அவர் மாற்றலாகிப் போனதும் அதுவும் நின்றது.

இங்கே இப்போது எல்லோருக்கும் தேசிய அடையாள அட்டை வேண்டுமா என்று ஒரே சண்டை. டீவியில், பஸ்ஸில், நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தின் சமையலறையில்கூட அதே பேச்சு. நம்ம ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் சிரிக்கிறார்கள். ஊரில் பத்து விரலையும் கண்ணையும் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு ஹாரி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அட்டைக்கு எதிராக வீடுவீடாகக் கையெழுத்து வாங்குகிறார். போன சனிக்கிழமை என் வீட்டுக்கும் வந்தார்.

"என் சொந்த நாட்டில் நான் யார் என்று நான் ஏன் நிரூபிக்க வேண்டும்?" என்றார். பிறகு, "உங்கள் நாட்டில் எல்லோருக்கும் இருக்கிறதாமே. ஒழுங்காக வேலை செய்கிறதா?"

"எனக்குச் செய்கிறது" என்றேன்.

நான் அட்டையை ஆதரிப்பதாக நினைத்துக்கொண்டார். முகம் வாடிப்போனது. ஆனாலும் தாளை மேஜைமேல் வைத்து, யோசித்துப் பாருங்கள், சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் பயப்படுகிறது என் அக்காவுக்கு நடக்க ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது என்பதை எனக்கு இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை.

போன வருஷம் நான் ஊருக்கு லீவில் போயிருந்தபோதுதான், ரேஷன் அட்டையில் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் கடைக்கு வந்து ரேகை பதிய வேண்டும், பதியாதவர் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அறிவித்தார்கள். நான் போய் வைத்தேன். தொட்டதும் எடுத்துக்கொண்டது. அக்காவுக்கு விழவில்லை. கொஞ்ச நாள் உடைக்காமல் இருந்தால் தோல் வளர்ந்து ரேகை திரும்பும் என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் கண்ட வழி. கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சும்மா இருப்பார்கள். அதற்கு ரேகைக்கு விரதம் என்று பெயர். கேலியாகச் சொல்வதுதான். நான் இங்கே திரும்பியதும் அக்காவும் விரதம் இருந்தாள். பாத்திரம்கூடத் துணி சுற்றிக்கொண்டு கழுவினாள். கடை மெஷின் ஆதாரில் உள்ள ரேகையைத்தான் ஒத்துப்பார்க்கும் என்பதால், அதைப் புதிதாகப் பதிய கந்தர்வக்கோட்டை ஆதார் மையத்துக்குப் போய்க் கை வைத்தாள். அங்கும் விழவில்லை. இன்னும் ஒரு மாசம் கழித்து வரச் சொன்னார்கள். அன்றைக்கு மத்தியானமே கல் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் அது.

ஹாரி வைத்துவிட்டுப் போன தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வீடியோவில் கூப்பிட்டாள்.

"அட்டையில பேரை எடுத்துட்டாங்க தம்பி."

நான் வெளிநாட்டில் இருக்கிறவன். எடுக்கட்டும், நியாயம்தானே என்று நினைத்தேன். "போனாப் போகுதுக்கா. எம்பேரு இருந்து என்ன ஆகப்போகுது?"

"ஒம்பேரு இருக்குப்பா. எம்பேருதான் இல்ல."

அவளுக்குப் பின்னால் யாரோ கொட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. பணம் அனுப்புகிறேன், கடையில் அரிசி வாங்கிக்கொள் என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ எப்ப லீவுல வாரே?" என்றாள். எப்போதும் கேட்கிற கேள்விதான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். "நீ வந்து கைய வச்சாத்தான் இனிமே எனக்கு அரிசி."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஹாரி. போனை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டுத் திறந்தேன். அவர் பேனாவை நீட்டினார். அதை வாங்கப் போன என் கை, தலைக்குப் போய் முடியில் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.