நித்திரை விசாரிக்க வந்தவர்கள்

முந்தாநாள் இரவு இஷாத் தொழுகை முடிந்த கையோடு, என் தம்பி வீட்டில்...

தம்பி பாடசாலை வேன் ஓட்டுபவன். மூன்று வாரங்களாக உறக்கமில்லை. போன கிழமை மாவடிப்பள்ளி வீதியில் ஒரு கணம் கண் மூடிவிட்டது. பின்னாலிருந்த பிள்ளை கத்தியதால் வேன் வயலுக்குள் இறங்கவில்லை.

அவனே ஓட்டத்தை நிறுத்தி, வேனைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்துவிட்டான்.

வைத்தியர் தெளிவாகச் சொன்னார்: மாலை அஸர் தொழுகைக்குப் பின் தேநீர் வேண்டாம், பகலில் படுக்க வேண்டாம், தினமும் ஒரே நேரத்தில் எழும்புங்கள், உறக்கம் வரவில்லையே என்று அதன் பின்னால் ஓடாதீர்கள். அது சீராகும்வரை வேனைத் தொடக்கூடாது.

ஆனால் நம் ஊரில் நோய் விசாரிக்காமல் விடுவார்களா?

அன்றிரவு தம்பி கதிரையிலேயே கண்ணயர்ந்த நேரம் முதலாமவர் வந்தார்.

"தம்பி படுத்திட்டானா? எழுப்புங்க. நித்திர வருதில்ல எண்டாங்க, அதான் பாக்க வந்த!"

எழுப்பினார்கள்!

தேநீர் வந்தது. "நாங்க மட்டும் குடிக்கிற எப்பிடி? நீங்களும் ஒரு வாய் குடிங்க தம்பி."

குடித்தான். (மரியாதை!)

இரண்டாமவர் காகிதத்தில் மடித்த நித்திரைக் குளிசையை நீட்டினார். "எங்கட உம்மாட. ஒண்டு போட்டா விடிய சுபஹ் மட்டும் அசைய மாட்டீங்க."

"அப்ப உம்மா இண்டைக்கு எதப் போட்டு நித்திர கொள்ளுவா?" என்றேன்.

காகிதம் சட்டைப்பைக்குத் திரும்பியது.

மூன்றாமவர் தாடியைத் தடவினார். "ஈமான் உள்ளவனுக்கு ஏன் நித்திர வராம?"

ஊரார் பிள்ளைகளின் உயிருக்குப் பயந்து தன் உழைப்பையே நிறுத்தியவனிடம் ஈமானை, இறைநம்பிக்கையை, அளக்க வந்திருக்கிறார்!

நான் குரலை உயர்த்தவில்லை. எழுந்து போய் வாசல் படலையை விரியத் திறந்து வைத்தேன். மூவரும் புரிந்துகொண்டார்கள்.

படலையைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் தம்பி சிரிக்கிறான். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

"காக்கா, கோவிக்கப்படாது. ஒவ்வொரு நாளும் ராவு ஒன்பதரைக்கு போன் கோல் எடுத்து 'நித்திர வருதாடா' எண்டு கேக்கிற ஆரு?"

நான்தான்.

நேற்று ஒன்பதரைக்கு நான் அழைக்கவில்லை. இன்று சுபஹுக்குப் பின் அவனே அழைத்தான்.

"காக்கா, அஞ்சு மணித்தியாலம்! அல்ஹம்துலில்லாஹ். நீங்க நல்லா நித்திர கொண்டீங்களா?"

"ஓம்" என்றேன்.

ஓர் இரவு போதாது. வேன் திறப்பு இன்னும் என்னிடம்தான். அவனைப் பார்க்க விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்கு வாருங்கள். மீன் விலையைக் கதையுங்கள், நித்திரையை வேண்டாம்.

இன்னொன்று. அவன் நினைவில் நான் விடியும்வரை கண் மூடவில்லை என்பதை யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

விசாரிக்க வந்துவிடுவான்!