அம்மா போயிருச்சு, அம்மா சென்றார்

சென்ற சனிக்கிழமை நுவரெலியாவில் எங்கள் வாசிப்பு ஆசிரியர் சங்கத்தின் மாவட்ட ஒன்றுகூடல். சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மண்டபத்தில் கூடுவோம். குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு, ஒருவர் செய்ததை இன்னொருவர் சொல்லக் கேட்போம். இந்த முறை ஒரு வாக்குவாதம் நடந்தது. நல்ல வாக்குவாதம்! அதை விட்டுவிட்டு இந்த வாரம் வேறு எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை.

சங்கத்தின் மாவட்டச் செயலாளர் நான்தான். பெரிய பதவி என்று எண்ணிவிடாதீர்கள். வட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் போடுவது, மண்டபத்துக்குச் சாவி வாங்குவது, சோற்றுப் பார்சல் எல்லோருக்கும் காணுமா என்று பார்ப்பது... அவ்வளவுதான்.

இந்த முறை நான் போட்ட அறிவித்தல் இது: உங்கள் வகுப்பில் நீங்களே செய்து பார்த்த ஒன்றைப் பற்றி இருபது நிமிடம் பேசலாம். நன்றாக அமைந்தால் கொழும்பில் நடக்கும் பெரிய மாநாட்டிலும் பேசுவதற்கு வாய்ப்புக் கிடைக்கும்.

என்ன நடந்திருக்கும் என்கிறீர்கள்? கட்டைவிரல்கள் வந்தன. கும்பிட்ட கைகள் வந்தன. இடையில் யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். பேசுகிறேன் என்று உடனே ஒருவரும் வரவில்லை.

அப்போதுதான் செல்வராணியின் ஞாபகம் வந்தது.

செல்வராணி உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் முதலாம் வகுப்பு ஆசிரியை. சங்கத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான். போன வருடம் வாசிப்பு மூலைக்குப் புத்தகம் கொடுக்க அவளுடைய பாடசாலைக்குப் போயிருந்தேன். சுவர் முழுக்கப் பெரிய பெரிய தாள்கள். பிள்ளைகள் வாயால் சொன்னதை, சொன்னபடியே, அவள் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு அதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் சொன்னது அல்லவா!

உடனே போன் எடுத்தேன்.

"அக்கா, நானே அத நிப்பாட்டப் போறேன். நீங்க வேற பேசக் கூப்புடுறீங்க!" என்றாள்.

"ஏன், என்ன நடந்துச்சு?"

"தர்ஷினின்னு ஒரு புள்ள. அதோட அப்பா வந்து சத்தம் போட்டுட்டாரு."

தர்ஷினியின் அப்பா ராகலை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒருநாள் மகளை விடுவதற்கு வந்தவர் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறார். அவருடைய கேள்வி இதுதான்: "நாங்க லயத்து வீட்டுல பேசுற மாதிரியே படிக்கிறதுக்கு எதுக்குங்க இஸ்கூலு?"

யோசித்துப் பாருங்கள். தப்பான கேள்வியா? தான் பேசுவதற்கு மேலே ஏதோ ஒன்று மகளுக்குக் கிடைக்கும் என்றுதானே அந்த மனிதர் காலையில் ஆட்டோவைத் தட்டி ஸ்டார்ட் பண்ணிக் கொண்டுவந்து விடுகிறார்?

அதிபர் கனகராஜ் சேர் பயந்துவிட்டார். இவர் மோசமான மனிதர் இல்லை. ஒரு தகப்பன் சத்தம் போட்டால் நாளைக்கு நாலு தகப்பன் வருவார்கள் என்று கணக்குப் போடுகிறவர். எந்த அதிபர்தான் போடமாட்டார்? இந்தத் தவணையோடு தாள்களைக் கழற்றிவிடும்படி செல்வராணிக்குச் சொல்லிவிட்டார்.

"கழத்துறதுக்கு முன்னாடி ஒருக்கா எல்லாருக்கும் காட்டு. உங்க சேரையும் கூட்டிக்கிட்டு வா" என்றேன்.

"எதுக்குக்கா? ஒருத்தர்கிட்ட வாங்குன பேச்ச நூறு பேர் முன்னாடி வாங்கவா?"

"வடை நல்லா இருக்கும், வா" என்றேன். சிரித்துவிட்டாள். சரி என்றும் சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ராகலை பஸ் வந்து நின்றது. முன் கதவால் கனகராஜ் சேர் இறங்கினார். பின் கதவால் செல்வராணி இறங்கினாள். ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசாமல்! அவள் கையில் சுருட்டிய தாள்கள். நனையாமல் இருக்க ஷொப்பிங் பேக்கால் சுற்றிக் குழந்தையைப்போல அணைத்துப் பிடித்திருந்தாள். அவள்தான் நனைந்திருந்தாள்.

நிகழ்ச்சி நிரலைப் போட்டவள் நான் என்றாலும், அவளுக்குக் கிடைத்தது பகல் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். பேசுகிறவர்கள் எவரும் விரும்பாத நேரம். சோறு, பருப்பு, கோழிக்கறி எல்லாம் உள்ளே போய் வேலையைத் தொடங்கியிருந்தன. முன்வரிசையிலேயே இரண்டு பேர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள் — ஆமோதித்து அல்ல.

செல்வராணி மைக்கைத் தொடவில்லை. ஒரு தாளை விரித்துக் கரும்பலகையில் ஒட்டினாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'எங்க அம்மா விடியக்காலமே பெரட்டுக்குப் போயிருச்சு. தங்கச்சி அழுதுச்சு. நான் ரொட்டி குடுத்தேன்.'

பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற இடம். மண்டபத்தில் பாதிப் பேர் அந்தப் பெரட்டுக்குப் போன அம்மாக்களின் பிள்ளைகள். தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"இது தர்ஷினி சொன்னது" என்றாள் செல்வராணி. "அதுக்கு எழுத்து எல்லாம் தெரியும். பாடப் பொஸ்தகத்துல 'அம்மா சந்தைக்குச் சென்றார்'னு இருக்கும். தடுக்காம வாசிச்சிரும். என்னம்மா வாசிச்சேன்னு கேட்டா கூரையப் பாக்கும். ஒருநா அது என்கிட்ட கேட்டுச்சு... 'டீச்சர், அந்த அம்மா யாரு?'"

தாளின் மடங்கிய ஓரத்தை நீவிவிட்டாள்.

"அம்மான்னா அதுக்கு ஒரு அம்மாதான் தெரியும். அவங்க சென்றார் இல்ல. போயிருச்சுதான். அதனால அது சொன்னதையே எழுதிக் குடுத்தேன். வாசிச்சுது. வாசிச்சுக்கிட்டே இருக்கறப்ப திடீர்னு சிரிச்சுது. 'இது எங்க அம்மா!'ன்னு கத்துச்சு. வாசிக்கிறதுன்னா என்னன்னு அன்னிக்குத்தான் அதுக்குப் புரிஞ்சுதுன்னு நெனைக்கிறேன்."

கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் கைதட்டல் அடங்குமுன் நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். யோகநாதன் சேர்!

யோகநாதன் சேருக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். மலைக்கு வந்து கல்யாணமும் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். ஆசிரியர்களுக்கு மொழி கற்பிக்கிறவர். ஒரு ஒற்றெழுத்து விடுபட்டாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

"ரீச்சர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்க சேர்."

"அம்மா போயிருச்சு எண்டு சுவரிலை எழுதி வைக்கிறியள். அம்மாவை அஃறிணையாக்கினால் பிள்ளைக்கு அதுதானே மனசிலை பதியும்? நாளைக்குச் சோதனையிலையும் அப்பிடித்தானே எழுதும்? ஆர் புள்ளி போடுவினம்?"

நான் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். கனகராஜ் சேர் மெதுவாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார். ஐயோ... கூட்டி வந்தது நான்தானே!

செல்வராணி மிகவும் பணிவாகக் கேட்டாள்: "சேர், நீங்க இப்ப 'ஒண்டு', 'எண்டு'ன்னீங்க. சோதனையில அப்புடி எழுதுவீங்களா?"

சிரிப்பு வெடித்தது. யோகநாதன் சேர் முகம் இறுகியது... பிறகு மீசைக்கடியில் ஏதோ நெளிந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் உட்காரவில்லை. அதுதான் அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது.

"எழுதமாட்டன். உண்மைதான். ஆனா வீட்டிலை கதைக்கிறது இது, எழுதிறது இது எண்டு எனக்கு ஆரோ பிரிச்சுச் சொல்லித் தந்தவை, ரீச்சர். நீங்கள் எப்ப சொல்லித் தாறியள்?"

"அதுக்குத்தான் சேர் இது" என்று இரண்டாவது தாளை விரித்தாள். 'என் அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்றார். தங்கை அழுதாள். நான் ரொட்டி கொடுத்தேன்.' பிள்ளைகளும் அவளுமாகச் சேர்ந்து ஒவ்வொரு சொல்லாக மாற்றியது. வீட்டுத் தாள் முதலில், பொஸ்தகத் தாள் பிறகு.

இந்த இடத்தில் அவள் நிறுத்தியிருந்தால் இன்னொரு கைதட்டல் கிடைத்திருக்கும். நிறுத்தவில்லை.

"ஆனா சேர் கேட்டது நியாயம். சில புள்ளைங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிக்குதுங்க. 'அம்மா சென்றுருச்சு'ன்னு ஒருத்தன் எழுதுறான். அதுக்கு என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல. நெசமாத்தான் சொல்றேன். கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

தெரியவில்லை! வருடக்கணக்காகக் கூட்டம் நடத்துகிறேன். மேடையில் நின்று ஓர் ஆசிரியர் இந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வகுப்பறையில் சொல்ல முடியாது, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதிபரிடம் சொல்ல முடியாது, அவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். பெற்றோரிடம்? சொல்லவே வேண்டாம். அப்புறம் எங்கேதான் சொல்வது?

அதற்குப் பிறகு நிகழ்ச்சி என் கையில் இல்லை. வலப்பனையிலிருந்து வந்த ஓர் ஆசிரியை எழுந்து, வீட்டுப் பேச்சைப் பச்சையிலும் புத்தகப் பேச்சை நீலத்திலும் எழுதிப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர், பிள்ளைகளை நாடகம் நடிக்க விடுங்கள், வானொலியில் செய்தி வாசிக்கிறவர் வந்தால் எப்படிப் பேசுவார், அம்மா வந்தால் எப்படிப் பேசுவார் என்று காட்டச் சொல்லுங்கள் என்றார். யோகநாதன் சேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னுக்கே வந்துவிட்டார். 'சென்றுருச்சு' பிழைதான், ஆனால் அந்தப் பிள்ளை விதியைப் பிடிக்கப் பார்க்கிறது, அது நல்ல பிழை என்று அவர் வாயாலேயே சொன்னார். அடுத்துப் பேச வேண்டியவர் என்னை முறைத்தார். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை.

முடிந்ததும் கனகராஜ் சேரைத் தேடிக்கொண்டு போனேன். ஜன்னலோரம் நின்று வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எப்புடி சேர்?" என்றேன். வடையைப் பற்றிக் கேட்பதுபோல.

"டீச்சர், நான் வராந்தாவுல போறப்ப மொதத் தாளத்தான் பாத்திருக்கேன். பொறவு என்ன செய்யிறாங்கன்னு உள்ள போயி கேட்டதில்ல" என்றார். விரலில் இருந்த எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்தார். "கழத்த வேணாம். ஆனா தாய் தகப்பன்மாரக் கூப்புட்டு இதையே அவங்களுக்கும் செஞ்சு காட்டணும். இல்லாட்டி நான்தான் பதில் சொல்லி மாளணும்."

திரும்பும்போது இருவரும் ஒரே கதவால் பஸ் ஏறினார்கள்.

நேற்று முன்தினம் அந்தப் பெற்றோர் கூட்டம். நானும் போயிருந்தேன். தோட்டத்தில் அரைநேர லீவு கேட்டுக்கொண்டு அம்மாக்கள் கொழுந்துக் கறை படிந்த கையோடு வந்திருந்தார்கள். சின்ன மேசைகளுக்குப் பின்னால் பிள்ளைகளின் நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தர்ஷினியின் அப்பா மட்டும் கதவோரம் நின்றார், ஆட்டோச் சாவியை விரலில் சுழற்றியபடி.

தர்ஷினி முதலாவது தாளை வாசித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவதை வாசித்தாள். 'என் அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்றார்.'

அவளுடைய அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "ஐயோ, என்னையவா 'சென்றார்'ங்குது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"ஒன்னத்தான்டி!" என்றார் அவர்.

தர்ஷினியின் அம்மாவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. கண்ணையும் துடைத்துக்கொண்டார். சாவி சுழல்வது நின்றிருந்தது. தகப்பன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்வராணியைப் பார்த்து, "டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

செல்வராணி என்னைப் பார்த்தாள். மறுபடியுமா?

"இது சரிங்க. இதே மாதிரி சிங்களத்துலயும் ஒரு தாளு ஒட்டுவீங்களா? டவுனுல ஹயர் போறப்ப நான் சிங்களம் நல்லாப் பேசுவேன். எழுதியிருந்தா வாசிக்க ஏலாது. புள்ளையாச்சும் வாசிக்கட்டுமே."

கதவோரம் நின்றவர் உள்ளே வந்து ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பதில் வராமல் எழும்பமாட்டார் என்று தெரிந்தது. கனகராஜ் சேர், மூன்றாவது தாளுக்குச் சுவரில் இடம் இருக்கிறதா என்று அளக்கத் தொடங்கினார்.

கொழும்பு மாநாட்டில் பேசுவதற்குச் செல்வராணியைத் தெரிவு செய்திருக்கிறார்கள். கூடவே பேச யோகநாதன் சேரும் போகிறார். வழி முழுக்க இருவரும் சண்டை பிடிப்பார்கள் என்று எனக்கு நல்ல நம்பிக்கை.

இப்படி ஒரு சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். உள்ளதைச் சொன்னேன் — வேலை கூடும், தம்பி.