அலசக் கூடாத பாட்டில்

எங்கள் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் ‘சுத்தக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். தெருத்தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருவது அவர் வேலை, அவரை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டுவது என் வேலை. ஏறியதும் இருக்கையைத் துடைப்பார், கதவின் கைப்பிடியைத் துடைப்பார், விட்டால் என்னையும் துடைப்பார். பதினோரு வருஷம் இந்த மனுஷியோடு ஓட்டியிருக்கிறேன், என் பொறுமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாற்பத்து மூன்று வயதில் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் மற்றும் வள மேலாண்மை முதுகலையில் சேர்ந்தார். சனி, ஞாயிறு வகுப்பு.

“இந்த வயசுல எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை?” என்று கேட்டேன்.

“தண்ணிய நான் புடிச்சிக் குடுக்கிறேன். அதுல என்ன இருக்குன்னு இன்னொருத்தர் சொல்றார். அத நானே சொல்லணும்.”

ஆய்வுக்கூட மேற்பார்வையாளர் பதவி இரண்டு வருஷத்தில் காலியாவதாக இருந்தது. அதற்கு இந்தப் பட்டம் வேண்டும், வயதும் நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஒரு பருவம் பிசகினாலும் போச்சு.

வண்டியிலேயே உரக்கப் படிப்பார். நிலத்தடி நீர், கழிவுநீர், காடு, கனிமம் எல்லாம் என் காதிலும் விழுந்தன. சிக்னலில் நிற்கும்போது என்னைக் கேள்வி கேட்பார், தப்பாகச் சொன்னால் முறைப்பார். நியாயமாகப் பார்த்தால் எனக்கும் அரைப் பட்டமாவது தந்திருக்க வேண்டும்.

ஆய்வேட்டுக்கு அவர் எடுத்த கேள்வி எளிமையானது: குழாய் முடிகிற கடைசித் தெருக்களுக்குத் தண்ணீர் நல்லபடியாகப் போய்ச் சேருகிறதா? இரண்டு வருஷமாகத் தானே பிடித்த இருநூற்று நாற்பது பாட்டில்களின் முடிவுகளை அடுக்கினார். எதிலும் கிருமி இல்லை. ஆய்வேட்டுக்கு வழிகாட்டிய பேராசிரியையும் பாராட்டினார். கடைசிப் பருவம், சமர்ப்பிக்க ஆறே வாரம்.

ஒரு திங்கட்கிழமை வண்டியில் ஏறினார். இருக்கையைத் துடைக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

“என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

“கிருமி பாக்குற பாட்டில் அடியில வெள்ளையா ஒரு பொடி இருக்கும்ல?”

“ஆமா. நீங்ககூட மூணு தடவை அலசிட்டுத்தான புடிப்பீங்க.”

“அத அலசவே கூடாதாம்.”

சனிக்கிழமை செய்முறை வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். உப்பும் இரும்பும் பார்க்கிற பாட்டிலைத்தான் அலச வேண்டும். கிருமிப் பாட்டிலில் இருக்கும் பொடி, தண்ணீரில் கலந்த குளோரினை அங்கேயே அடக்கிவிடும். பொடி போய்விட்டால், பாட்டில் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேரும் மூன்று மணி நேரமும் குளோரின் உள்ளேயே கிருமிகளைக் கொன்றுகொண்டிருக்கும். குழாயில் உயிரோடு இருந்தது எங்கள் வண்டியில் செத்துப்போகும். பொடியை அழுக்கு என்று நினைத்தது அவருடைய சுத்தம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் குறிப்பு எழுத, இவர் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டாராம்.

நான் நல்லவன் வேஷம் போடப்போவதில்லை. அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: “கமுக்கமா இருங்கக்கா. ஆறு வாரம். பட்டம் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். எவனுக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுதே,” என்றார்.

அதே வாரம் ஆய்வுக்கூட அதிகாரிக்குத் தன் மேலேயே புகார் எழுதிக் கொடுத்தார், விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வாங்கினார். பேராசிரியை வேறு தலைப்பில் சுலபமாக முடித்துவிடலாம் என்றார். இவர் கேட்டது ஆறு மாத அவகாசம். அந்த ஆறு மாதத்தில் நாற்பத்தைந்து தாண்டியது, பதவி வேறொருவருக்குப் போனது. பட்டம் அடுத்த வருஷம் வந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அவர் மட்டும் மறுபடி ஒன்றாம் பாட்டிலிலிருந்து ஆரம்பித்தார்.

மேட்டுப்பகுதியின் கடைசித் தெருவில் பிடித்த பன்னிரண்டு பாட்டில்களில் ஒன்பதில் கிருமி. தோண்டிப் பார்த்தார்கள். சாக்கடையை ஒட்டிக் குழாய் இணைப்பு விரிந்து கிடந்தது. குழாயை மாற்றினார்கள். விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

“அந்தத் தையல்காரம்மா வீட்டுக்கு விடு,” என்றார்.

அந்தத் தெருவில் தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி. பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று மூன்று முறை புகார் எழுதிப்போட்டவள். கடைசி முறை போனபோது சுத்தக்கா அவள் அடுப்படியை எட்டிப் பார்த்து, “தண்ணில ஒண்ணும் இல்லம்மா. பாத்திரம் பண்டத்த கொஞ்சம் சுத்தமா வச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு அவள் எழுதவே இல்லை.

“குழாய்தான் மாத்தியாச்சே. இப்பப் போயி எதுக்குக்கா வாயக் குடுத்து வாங்கிக் கட்டிக்கணும்?” என்றேன். முடிவுத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விட்டேன்.

அவள் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலுக்கு வந்தாள். சுத்தக்கா முடிவுத் தாளை நீட்டி, பொடியிலிருந்து குழாய்வரை சுற்றிவளைக்காமல் சொன்னார். “தப்பு உங்க அடுப்படில இல்ல. தண்ணிலதான். அது தெரியாம நான் உங்களச் சொல்லிட்டேன்.”

அவள் தாளைப் பார்க்கவே இல்லை.

“அன்னிக்கு நீங்க சொன்னத எங்க மாமியார் கேட்டுட்டிருந்தாங்க. ஆபீஸ்லேந்து வந்தவங்களே சொல்லிட்டாங்களேன்னு, ரெண்டு வருஷமா என்ன அடுப்படிக்குள்ள விடல. பெத்த புள்ளைங்களுக்கு என் கையால ஒரு வாய் சோறு போட விடல.”

என்னால் அந்தப் பெண்ணைப் பார்க்க முடியவில்லை. சுத்தக்கா நீட்டிய தாளை மடித்தார். மன்னிப்பு என்று ஏதாவது சொல்லிவிட்டுத் திரும்புவார், கிளம்பிவிடலாம் என்று வண்டிச் சாவியைத் திருகினேன்.

அவர் திரும்பவில்லை.

“மாமியார் இருக்காங்களா?”

“உள்ள இருக்காங்க.”

“கூப்புடுங்க,” என்றார். “அவங்க கேக்கத்தான சொன்னேன். அவங்க கேக்கவே மறுபடி சொல்றேன்.”